தெரியாது என்பது குற்றமா?

"தெரியாமல் செய்த தவறு தவறாகுமா, தம்பி?"

சில மாதங்களுக்கு முன்பு என் நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்ட இடம் ஒரு டீக்கடை. மாலை ஆறு மணி இருக்கும். எதிரே, அவர் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸின் வெளிக்கதவைக் காவலாளி சாத்திக்கொண்டிருந்தார்.

வேதாந்தம் படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் கொஞ்ச நேரம் சுவாரசியமாக வாதாடிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். என் நண்பர் அந்தச் சுவாரசியத்துக்காகக் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு '17 பி' இருந்தது. சர்க்கார் உத்தியோகம் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அரசு ஊழியர்களின் ஒழுங்கு விதிகளில் 17-ஆம் விதி ஒன்று உண்டு. அதில் 'ஏ' என்பது சளி. 'பி' என்பது நிமோனியா. ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது ஒருவர் கையில் அது வந்தால், முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தின் பலன் கைக்கு வருமா வராதா என்பதே கேள்வியாகிவிடும்.

அவர் மண்டல துணை வட்டாட்சியர். ஊரில் அவரை நான் சிறு வயதிலிருந்தே 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். எண்பதுகளின் கடைசியில் இளநிலை உதவியாளராக உத்தியோகத்தில் சேர்ந்தவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பரீட்சைக்குத் தட்டிக்கொண்டிருந்த நாளில், அவருடைய வேகத்தைப் பற்றி அங்கே கதையாகவே பேசிக்கொள்வார்கள். ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னால் போதும், எந்தச் சர்வே எண்ணில் ஓடை, எதில் புறம்போக்கு, எந்தக் குடும்பத்தில் எத்தனை பாகம் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார். ஜமாபந்தி நாட்களில் பெரிய அதிகாரிகள் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். கைநீட்டாதவர். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் லஞ்சம் இல்லை. இருந்திருந்தால் விஷயம் சுலபம். அவரைத் திட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன்.

நடந்தது இதுதான்.

ஒரு விவசாயி இறந்துபோனார். நிலம் ஒன்றரை ஏக்கர். வாரிசுகள் நான்கு பேர்: தாய், மனைவி, இரண்டு பெண்கள். நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றச் சொல்லி இணைய வழியாக மனுக் கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்த்தார், பரிந்துரை செய்தார். எல்லாம் ஒழுங்கு. கடைசியாக உத்தரவு என் நண்பரின் கையெழுத்தோடு வந்தபோது அதில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. மனைவியின் பெயரைக் காணோம்.

அந்தக் கையெழுத்து பேனாவால் போட்டது அல்ல. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழுந்துவிடும். 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தக் கையெழுத்துக்குப் பேனாக் கையெழுத்துக்கு உள்ள அதே மதிப்பைக் கொடுத்திருக்கிறது. அதை வைத்திருப்பவர் அது பிறர் கைக்குப் போகாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. என் நண்பரின் 'டோக்கன்' எங்கே இருந்தது தெரியுமா? ஆபீஸில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் பையனின் மேஜை இழுப்பறையில். ரகசிய எண்? அந்த இழுப்பறையின் உள்பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பையன் கெட்டவன் அல்ல. ஒரு நாளைக்கு நூறு மனுக்கள். பெயர்களைச் சேர்க்கும்போது ஒன்று விட்டுப்போயிற்று. 'சரி' என்று ஒரு தட்டு. மறுபடி 'சரி' என்று ஒரு தட்டு. ஒரு பெண்பிள்ளையின் நிலம் அவளை விட்டுப் போய்விட்டது.

அவள் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தாலுகா ஆபீஸுக்கு வந்தாள். "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். மறுபடி வந்தாள். "அப்ரூவ் ஆகிவிட்டது, இனி நாங்கள் தொட முடியாது, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்" என்றார்கள். பதினான்கு மாதம் நடந்தாள். ஒரு போகம் கடனில்லாமல் தரிசாகக் கிடந்தது. அடுத்த போகத்துக்கு வட்டிக்கு வாங்கினாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் பெயர் ஏறியது. என் நண்பருக்குக் குறிப்பாணை வந்தது.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தம்பி. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதென்று. மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாதவன் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தப்பு வந்ததும் கழுத்தைப் பிடித்தால் என்ன நியாயம்?" என்றார்.

நான் அப்போது அவருக்குச் சமாதானம்தான் சொன்னேன். "உங்கள் பேரில் குற்றமில்லை அண்ணாச்சி" என்றேன். நண்பர்கள் சொல்ல வேண்டியது அதுதானே? ஆனால் அன்று இரவு, சொன்ன சமாதானம் எனக்கே சமாதானமாகப் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மனிதன் இருபது வருஷம் உழைத்து ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறான். அந்த வித்தைக்காக அவனை மதிக்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் அந்த வித்தை வேண்டாம், இனிமேல் வேறு வித்தை என்று சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்கள் அவனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். அறை நிறைய நாற்பது பேர், பத்துக் கம்ப்யூட்டர், பாடம் நடத்துகிறவர் பையனாக இருக்கிறார், வேகமாகப் பேசுகிறார். ஐம்பது வயதுக்காரர் கையைத் தூக்கி, "தம்பி, இந்த அம்புக்குறியை எப்படி நகர்த்துவது?" என்று கேட்க வேண்டும். கேட்பாரா? பின்வரிசையில் அவர் கீழே வேலை பார்க்கும் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார். கேட்க மாட்டார். மூன்றாம் நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அன்றிலிருந்து அவர் 'பயிற்சி பெற்றவர்'. காகிதத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்.

வயதானவர்களுக்குக் கற்கும் சக்தி குறைவு என்று சொல்லுகிறார்கள். நான் அதை நம்புவதில்லை. கைபேசியில் பேரனுக்குப் போட்டோ அனுப்பாத தாத்தா இன்று எந்த வீட்டில் இருக்கிறார்? வீட்டில் கற்க முடிகிற மனிதருக்கு ஆபீஸில் கற்க முடியவில்லை என்றால், குறை மூளையில் இல்லை. வீட்டில் பேரன் சிரித்தால் தாத்தாவும் சேர்ந்து சிரிக்கிறார். ஆபீஸில் ஒருவன் சிரித்தால் இவருக்கு நாற்காலியே ஆடுகிறது. நம் காரியாலயங்களில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் கற்றுக்கொள்வதற்கு ஒரு வழியும் ஏற்படுத்தி வைக்கவில்லை. உத்தரவு மேலிருந்து கீழே போகும். காகிதம் கீழிருந்து மேலே வரும். அறிவு எந்தப் பக்கமும் நகராது.

இதற்கு மேல், தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். என் நண்பருக்கு அது இரண்டு வருஷச் சம்பளம். கூடவே, இரண்டு வருஷம் அதிகமாகத் தம்மை மறைத்துக்கொண்டு வாழ வேண்டிய கஷ்டமும்கூட.

இவ்வளவும் அவர் பக்கத்து நியாயம். இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. இருந்தாலும் அன்று இரவு என்னைத் தூங்கவிடாதது வேறொரு ஞாபகம்.

அவர் டைப்பிஸ்டாக இருந்த காலத்துக் கதை ஒன்றை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து ஆபீஸ்களில் சுத்தப் பிரதி அடித்ததும் அது நேரே கையெழுத்துக்குப் போகாது. ஒருவர் வரைவைப் படிப்பார். இன்னொருவர் அடித்த தாளைக் கண்ணால் தொடர்ந்து வருவார். ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று என்று மூலையில் சுருக்கொப்பம் போடுவார்கள். அதன் பிறகுதான் தாள் மேஜை ஏறும். மேஜையில் இருந்த அதிகாரியும் மறுபடி ஒரு முறை படிப்பார். இப்படிப் படித்த ஓர் அதிகாரி, ஒரு சர்வே எண்ணில் 8 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்ததைக் கண்டுபிடித்து, இவரைக் கூப்பிட்டு, "இது உனக்கு ஒரு எழுத்து, ஒருத்தனுக்கு ஒரு வயல்" என்றாராம். முப்பது வருஷமாக அதை மறக்கவில்லை என்று என் நண்பர் சொல்லுவார். அவருடைய கௌரவமே அந்த ஒரு வாக்கியத்தில் கட்டியதுதான்.

அப்படிப்பட்டவர், நான்கு பெயருக்கு மூன்று பெயர் வந்திருப்பதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டுமா? எண்ணத் தெரிந்தால் போதாதா? உத்தரவைத் தாளில் அடித்து எடுத்து வா என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாரே!

அவர் இழந்தது திறமையை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பேனா கையை விட்டுப் போனதோடு, படித்துப் பார்க்கும் பொறுப்பும் போய்விட்டது என்று அவர் மனசு தானாகவே முடிவு செய்துகொண்டது. தாளில் இருந்தால் அது தம்முடைய உத்தரவு. திரையில் இருந்தால் அது யாரோ செய்கிற காரியம். தெரியாமை ஒரு குறைதான், அதற்கு மருந்து உண்டு. தெரியாமையையே ஒரு விலக்காக வாங்கி வைத்துக்கொள்வது வேறு. அதில் ஒரு சுகம் இருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் மனிதனின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். பாதி வெட்கம், பாதி நிம்மதி.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தப் பையன். மாதச் சம்பளம் சொற்பம். வேலை நிரந்தரமில்லை. ஆனால் ஆபீஸ் முழுவதும் அவன் விரல் நுனியில் இருக்கிறது. ஓர் உத்தரவிலும் அவன் பெயர் கிடையாது. குறிப்பாணையும் அவனுக்கு வராது. நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. தெரிந்தவனுக்குப் பொறுப்பு இல்லை; பொறுப்பு உள்ளவனுக்குத் தெரியவில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்த விதவையின் ஒன்றரை ஏக்கர் விழுந்தது. சர்க்கார் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வந்து எத்தனை வேகம் கூடியது என்று கணக்குப் போடுகிறவர்கள், இந்த இடைவெளியை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

நான் இயந்திரத்தின் விரோதி அல்ல. அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. 1986-இல் டில்லியில் ரெயில்வே முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. அதற்கு முன்பு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தரகர். எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்று வந்தது சாமானியனுக்குக் கிடைத்த ஒரு சுதந்திரம்தான். அதே எண்பதுகளில் பாங்கு ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். அவர்கள் பயத்தை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். வயிற்றுப் பயம் அது. ஆனால் அந்தப் பெரிய பேரேடுகள் திரும்பி வர வேண்டும் என்று இன்று கேட்கிறவர் ஒருவரும் இல்லை.

நிலக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கிராமக் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பரம்பரை பரம்பரையாக அந்தப் பெட்டி ஒரே குடும்பத்தில் இருந்தது. எழுதியதைப் படிக்க முடியாதவன், எழுதியவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1980 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தினால் 20,000-க்கும் மேற்பட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. சுப்ரீம் கோர்ட்டும் 1982-இல் அது செல்லும் என்றது. பெட்டி வீட்டை விட்டு ஆபீஸுக்கு வந்தது. இன்று அதே பட்டாவையும் அ-பதிவேட்டையும் வயலில் நின்றபடி கைபேசியில் பார்க்கலாம். இது சாதாரண மாறுதலா? நூறு வருஷத்துக் கூனை நிமிர்த்திய மாறுதல்.

ஆனால் ஒன்று. பழைய கர்ணத்தின் இடத்தில் இப்போது ஒரு திரை உட்கார்ந்திருக்கிறது. அது சொல்வதைப் படிக்க முடியாதவன் குடிமகன் மட்டும் அல்ல, அதிகாரியும்தான் என்றால், நாம் கர்ணத்தை ஒழித்தோமா, அவருக்கு மின்சாரம் கொடுத்தோமா?

'சிஸ்டம் எடுக்கவில்லை.' 'சர்வர் டவுன்.' 'கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.' நம் ஆபீஸ்களில் இன்று அதிகமாகப் புழங்கும் வாக்கியங்கள் இவை. இவற்றின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் எப்போதும் ஒரு பொருள், மனிதனே கிடையாது. 'நான் மறுக்கிறேன்' என்று சொல்ல ஒருவனுக்குத் துணிச்சல் வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'சிஸ்டம் எடுக்கவில்லை' என்பதற்கு ஒன்றும் வேண்டாம்.

இந்த இலக்கணம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு நம் ஊரை விட்டு வெகுதூரத்தில், இங்கிலாந்தில், ஒரு சாட்சி இருக்கிறது.

அங்கே தபால் துறை 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கிளைத் தபால் நிலையங்களில் வைக்கத் தொடங்கியது. அந்தக் கிளைகளை நடத்தியவர்கள் சின்ன மனிதர்கள்; மளிகைக் கடையின் ஒரு மூலையில் தபால் கவுண்ட்டர் வைத்திருப்பவர்கள். கம்ப்யூட்டர் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. அவர்கள் ராத்திரி பகலாக எண்ணிப் பார்த்தார்கள். பெட்டியில் இருந்தது கம்ப்யூட்டர் சொன்னதற்குச் சரிவரவில்லை. உதவி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களுக்கு, 'உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி நேர்கிறது' என்று பதில் வந்தது. கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். வீட்டை அடகு வைத்தார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஓர் இந்திய வம்சாவளிப் பெண் 2010-இல் கர்ப்பமாக இருந்த நிலையில் சிறைக்குப் போனார்.

தவறு கம்ப்யூட்டரில் இருந்தது. 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அதைச் சொல்லிற்று. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரை விடுவித்தது. 2024-இல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனையையும் மொத்தமாக ரத்துச் செய்தது. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று சொல்லுகிறது.

இதில் ஒரு சின்னச் சட்ட விவரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் தரும் சாட்சியத்தைக் கோர்ட்டில் வைக்கிறவர், அந்தக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்று அங்கே 1984-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்லியிருந்தது. அந்த விதியை 1999-இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, வேறு விதமாகக் காட்டப்படும் வரை இயந்திரம் சரி என்றே கொள்ள வேண்டும். மளிகைக் கடைக்காரர் எப்படிக் காட்டுவார்? இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேசவில்லை.

எங்கள் தாலுகா ஆபீஸுக்கும் அந்த இங்கிலாந்துத் தபால் ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே மனிதர்கள் எண்ணிப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். இயந்திரம் தவறு செய்தது. இங்கே இயந்திரம் சொன்னபடி செய்தது. மனிதர் எண்ணிப் பார்க்கவில்லை. நேர் எதிரான இரண்டு சம்பவங்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: திரையில் வந்துவிட்டால் அது உண்மை. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லுகிறோம். வாஸ்தவம். அதற்கு உண்மை சொல்லவும் தெரியாது. போட்டதைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆகவே, கம்ப்யூட்டர் திறமை என்று நாம் பேசுகிறோமே, அது என்ன? எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதா? அதைப் பத்து நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கற்றுவிடும். இயந்திரம் எங்கே தவறும் என்று தெரிவதும், தவறும்போது 'இது தவறு' என்று சொல்வதும்தான் ஒரு சர்க்கார் ஊழியருக்கு வேண்டிய திறமை என்பது என் அபிப்பிராயம். தெரியாதவனால் இயந்திரத்தை வணங்கத்தான் முடியும். தெரிந்தவனால்தான் அதை மறுக்க முடியும். அந்த மறுப்புக்காகத்தான் அவன் கற்க வேண்டும்.

இப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் ஏற்பாடு வந்த பிறகு ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆச்சி நின்றிருந்தார். ஐம்பது வருஷம் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்த கை. இயந்திரம் அந்த விரலை ஏற்கவில்லை. இந்த விரல், அந்த விரல், துடைத்துவிட்டு மறுபடி. ஆச்சி கையை இழுத்துக்கொண்டு, "என் ரேகை அழிஞ்சு போச்சு தாயி, நான் போயிட்டு நாளைக்கு வாரேன்" என்றார். ஏதோ திருடி அகப்பட்டவர் மாதிரி ஒரு முகம்.

அந்தப் பெண் சிரித்தாள். "உங்க கையில குத்தமில்ல ஆச்சி, மிசினுக்குத்தான் கண்ணு தெரியல. விரல் விழலைன்னா வேற வழி இருக்கு. இங்க வாங்க, நோட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பதிவேட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு நிமிஷத்தில் அரிசி பையில் விழுந்தது.

அப்படிப்பட்ட விதிவிலக்கு ஒன்றும் ரகசியம் அல்ல. ஆதார் காரணமாக யாருக்கும் ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்து ஆச்சியின் பையில் அரிசியாக விழ வேண்டுமானால், நடுவே ஒருத்திக்கு இயந்திரமும் தெரிந்திருக்க வேண்டும், விதியும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் அவளும் "மிசின் எடுக்கல, நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்குக் கருணை இருந்தது, சரிதான். கருணை எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது. அறிவில்லாத கருணையால் ஆச்சிக்காக வருத்தப்பட்டிருக்க முடியும், அவ்வளவுதான். அரிசியைக் கொடுத்தது அவளுடைய அறிவு.

ஊழியர்களின் செயல்திறனை அளக்கிறோம் என்று இன்று ஒவ்வொரு துறையிலும் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை நிலுவை. நிலுவை சிவப்பில் காட்டும். சிவப்புக்குப் பயந்து, கெடு முடிவதற்கு முதல் நாள் 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று தள்ளுபடி செய்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். தள்ளுபடியும் தீர்வுதான், பலகை பச்சையாகிவிடும். மனுக் கொடுத்தவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அதுவும் புது மனுவாகக் கணக்கில் ஏறும். அந்த விதவையின் உத்தரவும் அப்படிப் பச்சையில் முடிந்த ஒன்றுதான். குறித்த நாளுக்குள் முடிந்தது என்று அதற்காக என் நண்பரின் ஆபீஸுக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கும். அந்த ரேஷன் கடைப் பெண் ஆச்சிக்காகச் செலவழித்த இரண்டு நிமிஷமோ, எந்தப் பலகையிலும் அவளுக்கு ஒரு மதிப்பெண்ணும் தராது.

ஊழியர்களைப் பயிற்றுவிக்க 2020-இல் மத்திய அரசு 'மிஷன் கர்மயோகி' என்று ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பாடம் படிக்கலாம். நல்ல பெயர், நல்ல நோக்கம். ஆனால் பாடம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து கோப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாடத்தின் தலைப்பு நேர்மை. முடிந்ததும் சான்றிதழ் வந்தது. என் நண்பரின் மூன்று நாள் பயிற்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சர்க்கார் செய்ய வேண்டியது வேறு. கற்க நேரம் கொடுக்க வேண்டும். கேட்டால் அவமானமில்லை என்ற நிலையை உண்டாக்க வேண்டும். விரலால் தட்டுகிற பையனின் பெயரையும் உத்தரவில் போட்டு அவன் வேலைக்கு ஒரு நிரந்தரமும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் 17 பி மட்டும் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்கிவிட்டுத் தண்ணீரைக் கலக்கினான் என்று வழக்குப் போடுவது போலத்தான்.

ஆனாலும் சர்க்காரின் தவறு பெரிது என்பதனால் என் நண்பரின் தவறு இல்லாமல் போய்விடாது. ஒரு தவற்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதற்கு அறிவு வேண்டாம்; நம் எல்லோருக்கும் பிறவியிலேயே அது வருகிறது.

பத்து நாள் கழித்து அவரை மறுபடி பார்த்தேன். அதே டீக்கடை. "நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பொம்பள நேத்து வந்தா, தம்பி. பட்டா நகல் வாங்க. நானே கூப்பிட்டு உட்கார வைத்து, 'அம்மா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்றேன். அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். 'நீங்க பார்க்கலையா சார்?' என்று கேட்டாள்."

அவர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். ஆடை படிந்துவிட்டது.

"தெரியுமா என்று கேட்டிருந்தால் பதில் இருந்தது. பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டாள்" என்றார்.

நான் சொல்ல நினைத்ததை அந்தப் பெண் எனக்கு முன்பே, என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டுவிட்டாள். தெரியாது என்பது குற்றமல்ல. பார்க்கவில்லை என்பது குற்றம். பார்க்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பார்ப்பதற்கு வேண்டியதைக் கற்காமல் வருஷங்களைக் கழிப்பதும் பார்க்காததில்தான் சேர்த்தி.

அவர்மீதுள்ள விசாரணை இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் டோக்கன் இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மாலையில் ஆபீஸ் காலியான பிறகு அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "தம்பி, இதை இன்னொரு தரம் காட்டு" என்று கேட்கிறாராம். பையன் சிரிக்கிறானா என்று கேட்டேன்.

"முதல் நாள் சிரித்தான்" என்றார்.